தடை வயதிலா, வரிசையிலா? ஐம்பதைத் தாண்டிப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், மறுநாள் பேப்பரில் இந்தச் செய்தி வந்துவிடும்: மகளோடு சேர்ந்து அம்மாவும் பாஸ், அறுபது வயதுக்காரர் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி. லட்டு ஊட்டுகிற படமும் உண்டு. அவர் எந்த விதியின்கீழ் எழுதினார், அந்தச் சான்றிதழ் அடுத்து எதற்குச் செல்லும் என்பது மட்டும் இருக்காது. அதனால் அதே ஆசையை உள்ளே வைத்திருக்கிற தண்டையார்பேட்டைக்காரரும் வியாசர்பாடிக்காரரும், "அவங்களுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் குடுத்திருப்பாங்க" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

ஸ்பெஷல் பர்மிஷன் எதுவும் கிடையாது. பெரும்பாலான படிப்புகளுக்கு உச்ச வயது என்று ஒன்றே இல்லை. ஆனால் வேறு இடங்களில் பூட்டு இருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் பணத்தையும் இரண்டு மூன்று வருஷத்தையும் விட்டவர்கள் வடசென்னையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ஒரே சொல், மூன்று வயது

"வயசு வரம்பு" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி வரம்புகள் கலந்து கிடக்கின்றன.

1. சேர்க்கை வயது. ஒரு படிப்பில் சேரவோ தேர்வு எழுதவோ வேண்டிய வயது. இதில் பெரும்பாலும் கீழ் வரம்புதான் உண்டு. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது முடிந்திருக்க வேண்டும். எத்தனை வயதுக்குள் என்ற கேள்வி இல்லை.

2. திட்ட வயது. அரசு பணம் போட்டு நடத்தும் இலவசப் பயிற்சி, உதவித்தொகை போன்றவற்றின் வரம்பு. பணம் ஓர் இலக்குக்காக ஒதுக்கப்படுவதால் இங்கே மேல் வரம்பு வரும். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் மாணவர்களையும் இளைஞர்களையும் மனத்தில் வைத்து உருவான திட்டம். ஐம்பது வயதுக்காரருக்கு அங்கே இடமில்லை என்பதற்கு அவரால் கற்க முடியாது என்று பொருளில்லை.

3. வேலை வயது. படித்து முடித்தபின் எந்த வயதுவரை வேலைக்கு எடுப்பார்கள் என்பது.

குழப்பம் முழுக்க மூன்றாவதை முதலாவதாக எண்ணுவதில் வருகிறது. "போலீஸ்ல 40 வயசுக்காரரை எடுக்க மாட்டாங்க" என்று தெரிந்தவர், காலேஜிலும் எடுக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

எங்கே வரம்பு இல்லை, எங்கே உண்டு

பள்ளிப் படிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. இன்னொரு வழி மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். அங்கே பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்சம் 14 வயது, பிளஸ் டூவுக்கு 15. மேல் வரம்பு இல்லை. ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு. பாடம் பாடமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்ற பயம் உள்ளவருக்கு இதுவே பெரிய ஆறுதல்.

கல்லூரியில், தொலைநிலைப் படிப்புகளுக்கு உச்ச வயது கிடையாது. 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-ல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் மூன்றும் வடசென்னைக்காரருக்கு பஸ் தூரம்தான். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் இணையவழியில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பிலும் வயது கேட்பதில்லை. ஜே.இ.இ. வேண்டாம், தகுதிச் சுற்று ஒன்றைத் தாண்டினால் போதும்.

மருத்துவத்தில் இருந்த உச்ச வயது வரம்பை 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் தருமபுரிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 61 வயதில், நீட் தேறிக் கலந்தாய்வுவரை வந்து, ஓர் இளைஞருக்கு இடம் போகட்டும் என்று விலகிக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்த பலர் அவரை விதி தடுத்ததாக எண்ணினார்கள். விலகியது அவர் முடிவு.

சட்டப் படிப்பில் கதை வேறு. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு 30, ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 என்று வழக்கறிஞர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பான பார் கவுன்சில் வைத்திருந்த வரம்புக்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர் வழக்கறிஞராகப் பதிய முடியாது என்ற பழைய விதியை அதே நீதிமன்றம் 1995-லேயே ரத்து செய்தும்விட்டது.

தொழிற்பயிற்சிக்கு வந்தால் வரம்பு தலைகாட்டுகிறது. தமிழக ஐ.டி.ஐ.க்களில் ஆண்களுக்கு 40 வயதுவரை, பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. 47 வயது அக்கா வயர்மேன் டிரேடில் சேரலாம், 42 வயதுத் தம்பி சேர முடியாது. வீட்டில் சண்டை வந்தால் விதியைக் காட்டுங்கள்.

கைத்தொழிலில் இதற்கு நேர்மாறாக, இளையவரைத் தடுக்கும் வரம்பு ஒன்று வந்திருக்கிறது. கைவினைஞர்களுக்கு உதவும் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே சேரலாம். குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் தள்ளிவிடும் என்று அதை ஏற்க மறுத்த தமிழக அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் குறைந்தபட்ச வயது 35. படித்து வேறு வேலைக்குப் போகும் வயது தாண்டி, தொழிலில் நிலைத்தவருக்கே உதவி என்பது கணக்கு. வயதானவருக்குச் சாதகமாக வரம்பு வைத்த திட்டங்களைத் தேடிப் பார்த்தால் கைவிரல் மிஞ்சும்; அந்த வகையில் இது கவனிக்க வேண்டியது.

பூட்டு இருக்கும் இடம்: வரிசை

பஸ் ஸ்டாண்டு சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள்: "எட்டாவது படித்தவர்களும் நேரடியாக டிகிரி!" இதில் பாதி உண்மை. பள்ளி முடிக்காதவர்களையும் வயதை வைத்து நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்க்கும் வழி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்தது. அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அந்தப் பட்டத்தை அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் நீட்டியபோதுதான் சிக்கல். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை 107, நாள் 18.8.2009, தெளிவாகச் சொல்லிவிட்டது: பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளும் இதையே சொல்கின்றன. அடிப்படைப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்றவர் எல்.எல்.பி.யில் சேர முடியாது.

இங்கேதான் என் கருத்து. ஐம்பது வயதில் படிக்க வருபவர் அவசரத்தில் இருக்கிறார். காலம் குறைவு என்று எண்ணுவதால் குறுக்குவழி நோட்டீஸ் அவர் கண்ணில்தான் முதலில் படுகிறது. இருபது வயதுக்காரர் ஏமாந்தால் திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது. இவருக்கு அந்த மூன்று வருஷம் போனது போனதுதான். வயதை எண்ணிப் பயப்படுவதில் பாதியையாவது வரிசையைச் சரிபார்ப்பதில் செலவிட வேண்டும்.

சரிபார்க்க வேண்டியவை மூன்று.

1. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயர் அந்த ஆண்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. "ஒரே வருஷத்தில் டிகிரி", "பின்தேதியில் சேர்க்கை" என்று யாராவது சொன்னால் அந்த மாடிப்படியை அப்போதே இறங்கிவிடலாம்.

3. சான்றிதழ் எதற்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேலைக்கோ பதவி உயர்வுக்கோ என்றால் வரிசை கட்டாயம். வரலாறு படிக்க ஆசை, தமிழ் இலக்கியம் படிக்க ஆசை, அவ்வளவுதான் என்றால் சான்றிதழைத் தேடவே வேண்டாம். 2017-ல் வந்த மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பில் வயதுப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் பத்தாம் வகுப்பைவிடக் கூடுதலாகப் படித்திருந்தால் பல பதவிகளுக்கு "உச்ச வயது வரம்பு இல்லை" என்று இருக்கும். 60 முடியாமல் இருந்தால் சரி என்பது அதன் பொருள். வி.ஏ.ஓ. போன்ற பதவிகளுக்குத் தனி வரம்பு உண்டு. அதாவது பிளஸ் டூ பாஸ் என்ற ஒரு தாள், வேலை வயதையே தள்ளிவைக்கிறது. முறையான வரிசையில் வந்த தாளாக இருக்க வேண்டும்.

இனிஷியல் என்னும் சுவர்

வரிசை சரியாக இருந்தும் கவுன்ட்டரில் திரும்பி வருபவர்கள் உண்டு. காரணம் பெயர்.

கொருக்குப்பேட்டையில் எட்டாவதோடு நின்று, பதினெட்டில் கல்யாணமாகி, இப்போது ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளி டி.சி.யில் அவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை. கணவர் பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதி இன்னும் மோசம். டி.சி.யில் ஜூன் மாதம் ஒரு தேதி. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரே ஐந்து வயது கணக்குக்கு ஒத்துப்போகும்படி ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஒரு தலைமுறைக்கே ஜூனில்தான் பிறந்தநாள். ஆதாரில் ஜனவரி 1.

முன்பு இதெல்லாம் ஓடிவிடும். இப்போது ஓடாது. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர மானியக் குழுவின் தளத்தில் தனி அடையாள எண் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கல்விக் கிரெடிட் கணக்கு வேண்டும். அது டிஜிலாக்கர் என்ற அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம் வழியாக ஆதாரோடு இணைந்தது. இ-சேவை மையத்தில் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மார்க் ஷீட்ல ஒரு பேரு, இதுல வேற பேரு காட்டுதே" என்பான். வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவார். அந்த அம்மா கவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, "வயசாயிடுச்சு, ஆர்வம் போயிடுச்சு" என்று தோன்றும்.

வழி இருக்கிறது. பள்ளிச் சான்றிதழை முதன்மையாக வைத்து ஆதாரை அதற்கு ஏற்றபடி மாற்றுவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை 1 முறையும்தான் திருத்தலாம். கணவர் பெயரைச் சேர்க்க ஒரு வாய்ப்பை ஏற்கெனவே செலவழித்தவர்கள் பலர். மிச்சமிருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்துச் செலவழிக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டும் முக்கியம். "லக்ஷ்மி"யை ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். முடியாதபட்சம் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். அண்ணா சாலையில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அலுவலகம் அதற்கானது.

ஷிஃப்டும் தூரமும்

அடுத்த தடை கடிகாரம். வடசென்னையில் இது மற்ற இடங்களைவிடக் கூர்மையாகவே இருக்கிறது.

காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே சூடுபிடித்துவிடும். ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையோடு தெருத்தெருவாகப் போய் விற்று வீடு திரும்பும் அம்மாவுக்கு மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கை கழுவ நேரம். இரவு எட்டுக்குப் படுத்தால்தான் இரண்டு மணிக்கு எழ முடியும். "வேலைக்குப் போறவங்களுக்கு வசதியா சாயங்காலம் ஏழு மணிக்கு கிளாஸ்" என்று அறிவித்தால் அவரைப் பொறுத்தவரை அது பாதிராத்திரி வகுப்பு. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஏ, பி, சி என்று வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும் தொழிலாளிக்கோ எந்த நேரத்தில் வகுப்பு வைத்தாலும் மூன்று வாரத்தில் ஒரு வாரம் போய்விடும்.

சட்டப் படிப்பை மறுபடி பாருங்கள். வயதுத் தடை போய்விட்டது. ஆனால் வகுப்பு காலை 8 முதல் இரவு 7 மணிக்குள்தான் நடக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. பழைய ஈவினிங் லா காலேஜ் இனி கிடையாது. இருந்த அரசு சட்டக் கல்லூரியும் 2018-ல் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. ராயபுரத்திலிருந்து நடந்தே போயிருக்கலாம் என்றிருந்த கல்லூரி, இப்போது அரை நாள் பயணம். ஐம்பது வயதுக்காரருக்கு எது பெரிய தடை, 30 வயது விதியா, இந்தத் தூரமா?

கற்கிறவரின் நேரத்துக்குப் பாடம் வந்த காலமும் இதே பகுதியில் இருந்தது. பெரம்பூரில் 1908-ல் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொடங்கிய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில், பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து சமயச் சொற்பொழிவு கேட்டார்கள். 1918-ல் அதே மேடையில் திரு.வி.க. தொழிலாளர் நிலை பற்றிப் பேசினார். அவ்வாண்டு ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆலைக்குப் பக்கத்தில், வேலை விட்ட நேரத்தில் நடந்தது என்பதுதான் அதன் வசதி. நாற்பது ஐம்பது வயது ஆட்களும் வந்து உட்கார முடிந்தது.

இன்றைக்கு அந்த வசதியை ஓரளவு வைத்திருப்பது, யாரும் பெரிதாக மதிக்காத டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையிலிருந்து இரவுவரை மணிக்கு ஒரு பேட்ச். இந்த வாரம் காலை ஆறு, அடுத்த வாரம் மாலை மூன்று என்று மாற்றிக்கொள்ளலாம். "யளனக"வில் ஆரம்பிக்கும்போது பக்கத்து மிஷினில் பதினாறு வயதுப் பெண் படபடவென்று அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் கூச்சமாக இருக்கும், பிறகு சத்தத்தில் மறந்துவிடும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அரசுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. குரூப் 4-ல் தட்டச்சர் பதவி கேட்கிறவர்களுக்கு இந்தச் சான்றிதழே நுழைவுச்சீட்டு.

சான்றிதழே இல்லாமல் முப்பது வருஷம் வெல்டிங் செய்தவர்களுக்கு வேறொரு பாதை உண்டு. முன்பே கற்றதை அங்கீகரித்தல் என்ற பிரிவு, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. புதிதாக எதையும் படிக்க வேண்டாம். கைத்திறனைச் சோதித்துச் சான்று தருவார்கள். 59 வயதுவரை. ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்து, "உன்கிட்ட என்ன பேப்பர் இருக்கு" என்று கேட்கப்பட்டவர்களுக்கு இது எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

மூளை என்ன செய்கிறது

"மண்டையில ஏறாது" என்பது அடுத்த சந்தேகம். உளவியலாளர் ரேமண்ட் கேட்டெல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். புதுப் புதிரை விரைவாக அவிழ்க்கும் திறன் ஒன்று. இது இளமையில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். அனுபவமும் சொல்வளமும் சேர்ந்த அறிவு மற்றது. இது அறுபதிலும் ஏறக்குறைய நிலைத்து நிற்கும். ஆகவே ஐம்பது வயதுக்காரர் வேகத்தில் தோற்பார். வட்டிக் கணக்கோ, ஒரு பத்தியின் உட்பொருளோ என்றால் இளையவரை முந்தலாம். சீட்டுப் பிடித்துப் பழகிய அம்மாவுக்குக் கூட்டுவட்டியைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அதை x என்று எழுதினால்தான் மிரள்வார்.

கற்பதால் மூளைக்கு நன்மையா என்பதற்கு அமெரிக்காவில் டெனிஸ் பார்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். 60 முதல் 90 வயதுவரை 221 பேர். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலர் துணி ஒட்டுத் தையல், சிலர் இரண்டும் என்று வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் கற்றார்கள். இன்னொரு குழு கூடிப் பேசி, ஊர் சுற்றிப் பொழுது போக்கியது. புதுத் திறனைக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசியவர்களுக்கு அந்த அளவு இல்லை. இதை வைத்து மறதி நோயே வராது என்று யாராவது கோர்ஸ் விற்றால் நம்ப வேண்டாம். கொஞ்சம் கஷ்டமான, புதிய வேலை மூளைக்கு நல்லது என்பதுவரைதான் இது சொல்கிறது.

எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு செய்தி. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். பழைய கொஸ்டின் பேப்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்ன டுடோரியல் வாத்தியார் அறிவியலுக்கு முன்பே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பல நேரம் பிரச்சினை மூளையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நாற்பதுக்குமேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். தையல் வகுப்பின் முதல் நாள் ஊசியில் நூல் கோக்க நாலு முறை முயன்று, நூல் நுனியை நனைத்து நனைத்து, கடைசியில் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்பவருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி. சரிசெய்யாத பார்வைக் குறையையும் காது கேளாமையையும் மறதி நோய்க்கான 14 காரணிகளில் 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சேர்த்திருக்கிறது. சேர்க்கைக் கட்டணம் கட்டுமுன் கண் பரிசோதனை செய்துகொள்வது வகுப்பின் பாதி வேலையை முடித்துவிடும்.

போன் மட்டும் ஏன் கடைசி?

வயதானவர்கள் உடனடியாகக் கற்க வேண்டியது எது என்றால் ஸ்மார்ட்போன்தான். ஆனால் மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த பெரிய டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கிராமப்புறங்களுக்கானது. வயதும் 14 முதல் 60 வரை. 2024-ல் அதுவும் முடிந்தது. திருவொற்றியூர்த் தாத்தாவுக்கு நகரவாசி என்பதால் ஒரு தடை, அறுபதைத் தாண்டியதால் இன்னொரு தடை.

மிச்சம் பேரன்தான். பேரன் என்ன செய்வான்? "குடு தாத்தா, நான் போடறேன்" என்று போனைப் பிடுங்கி மூன்று நொடியில் அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். விரல் படாத பாடம் ஏறாது. பத்து ரூபாயைத் தாத்தா தன் விரலால் பேரனுக்கு அனுப்பி, பேரன் அதைத் திருப்பி அனுப்ப, பத்து முறை செய்தால் போதும். கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் போனில் பதிந்துவிட வேண்டும். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்வதாக மிரட்டுபவர்கள் வயதானவர்களைத்தான் தேடுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது.

எட்டாவதுக்கு முன்பே நின்றவர் இன்று தொடங்கினால்

எழுத்தே தெரியாதவர் என்றால் முதல் படி புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம். படிப்பது, எழுதுவது, கணக்கு மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண் தேர்வு. அதில் கிடைப்பது எழுத்தறிவுச் சான்றிதழ். எட்டாவது பாஸ் என்ற சான்றிதழாக அதை நீட்ட முடியாது. பிறகு கணக்கு இப்படி வரும். இப்போது வயது 52 என்று வையுங்கள்.

1. முதலில் ஆதார், டி.சி. இரண்டிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப்பார்த்துத் திருத்தவும். கண்ணாடி வாங்கவும்.

2. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. 53.

3. பத்தாம் வகுப்பு. மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதினால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து வகுப்புக்குப் போயாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தியரிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருப்பார்கள். 54.

4. இரண்டு ஆண்டு இடைவெளியில் பிளஸ் டூ. 56. குரூப் 4-ல் உச்ச வயது வரம்பற்ற பிரிவினருக்கு இன்னும் நாலு ஆண்டு மிச்சம்.

5. தொலைநிலையில் பட்டம், மூன்று ஆண்டு. 59. அரசு வேலை என்ற கதவு இதோடு மூடுகிறது.

6. எல்.எல்.பி., நேரடி வகுப்பில், மேலும் மூன்று ஆண்டு. 62. பார் கவுன்சிலில் பதிய வயது கேட்க மாட்டார்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.